அம்மாவின் முறுக்குத் தளம் கூகுளில் வரவே இல்லை: இலவசக் கருவிகளில் எதை நம்புவது?

சுங்கை சிப்புட் மகள் | 12 ஜனவரி 2026, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அம்மா பதினேழு வருடமாக வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி செய்து விற்கிறார். அப்பா ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தோம். அம்மாவிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்டார்கள்.

அவர்களுக்காகத்தான் போன வருடம் தம்பி வேர்ட்பிரஸில் ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தான். தீபாவளிக்கு அதன் வழியாக வந்தது நான்கே ஆர்டர். அந்த நான்கு பேரும் நாங்கள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியவர்கள். தேடி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

நடுவில் ஒருவர், மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றார். மூன்று மாதம் கொடுத்தோம். கடைசியில் பெயர் தெரியாத தளங்களில் எங்கள் லிங்க் போட்டிருப்பதாக ஒரு பட்டியல் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. அம்மா விடிய விடிய அடுப்படியில் நின்று சம்பாதித்த காசு அது. இனி யாருக்கும் காசு கொடுக்கப் போவதில்லை.

அதனால் தளத்தைச் சோதித்துச் சொல்லும் இலவசக் கருவிகளாகத் தேடி ஆறு பார்த்துவிட்டேன். ஒன்று எங்கள் தளத்துக்கு 47 மார்க் போடுகிறது, இன்னொன்று 81, இன்னொன்று 63. ஒன்றில் 112 பிழை இருக்கிறதாம், அவை என்னவென்று பார்க்க மாதச் சந்தா கட்ட வேண்டுமாம். எதை நம்புவது? நான் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இரவில் ஒரு மணி நேரம்தான் இதற்கு ஒதுக்க முடியும். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது.

---

கிள்ளான் தம்பி | 12 ஜனவரி, இரவு 10.25

அக்கா, வேர்ட்பிரஸோடு சேர்க்கிற யோஸ்ட் அல்லது ரேங்க் மேத் பிளக்இன் போடுங்கள், இரண்டுமே இலவசம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அது காட்டுகிற விளக்கு பச்சையாகும் வரை திருத்துங்கள். கீவேர்ட் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் முறுக்கு சம்பந்தப்பட்ட எல்லாச் சொல்லையும் நிரப்பிவிடுங்கள். அப்புறம் தளத்தின் வேகத்தைச் சோதிக்கிற பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் 100 எடுக்கப் பாருங்கள். எங்கள் சித்தியின் கேட்டரிங் தளத்துக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

---

பழைய கிராணி | 13 ஜனவரி, காலை 6.10

தங்கச்சி, வணக்கம். நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான். 22 வருடம் தோட்ட ஆபீசில் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டை எழுதிய கிராணி, அதாவது எழுத்தர். இப்போது என் மனைவியின் தையல் கடைத் தளத்தையும் தெரிந்தவர்களின் நாலைந்து தளங்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த 600 வெள்ளி கதையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மார்க்குகள். 47, 81, 63 மூன்றையும் விட்டுவிடுங்கள். அவை கூகுள் போட்டவை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதில் எத்தனை உங்களிடம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறது. பட்டியல் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் மார்க்கும் வேறு. டொமைன் அத்தாரிட்டி என்று ஓர் எண்ணை யாராவது காட்டி உங்களைப் பயமுறுத்தினாலும் கவலைப்படாதீர்கள். அது மோஸ் என்ற நிறுவனத்தின் சொந்தக் கணிப்பு. கூகுள் அதைப் பார்ப்பதில்லை.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து பெயர் பதிந்தால்தான் அன்றைய கணக்கு. எத்தனை கிலோ பால் எடுத்தான் என்பதெல்லாம் அதற்கப்புறம். தேடுபொறியிலும் வரிசை இதுதான். கூகுள் முதலில் உங்கள் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு வாசிக்க வேண்டும், பிறகு தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதைத்தான் இன்டெக்ஸ் என்கிறார்கள். அதில் சேராத பக்கத்துக்கு எத்தனையாவது இடம் என்ற கேள்வியே எழாது. நீங்கள் பார்த்த ஆறு கருவிகளில் ஒன்றாலும் உங்கள் பெயர் பெரட்டில் பதிந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் புத்தகம் கூகுளிடம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுவது கூகுள் செர்ச் கன்சோல் ஒன்றுதான். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர், அதனால் பழைய வீடியோக்களில் அந்தப் பெயரில் வரும். முழுக்க இலவசம், காசு கட்டித் திறக்கும் பகுதி எதுவும் அதில் கிடையாது. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு வரிக் குறியீடு கொடுப்பார்கள். அதைத் தளத்தில் ஒட்டச் சொல்லித் தம்பியிடம் கேளுங்கள், பத்து நிமிட வேலை. இன்றைக்கே செய்யுங்கள். சேர்த்த நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு சேர ஆரம்பிக்கும், சேர்ந்ததை 16 மாதம் வரை வைத்திருப்பார்கள்.

உள்ளே போனதும் இரண்டே இடம் பாருங்கள்.

ஒன்று, பேஜஸ் என்ற அறிக்கை. உங்கள் பக்கங்களில் எத்தனை இன்டெக்ஸ் ஆகியிருக்கின்றன, எத்தனை ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று காரணத்தோடு வரும். உங்களுக்குத் தெரிந்த பக்கங்களின் எண்ணிக்கையும் அங்கே வருகிற எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். செக்ரோலில் ஆள் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. இங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சைட்மேப், அதாவது தளத்துப் பக்கங்களின் பட்டியல், கேட்கும் இடமும் அதே கன்சோலில் உண்டு. வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானாகவே சைட்மேப் தயாரித்துவிடுகிறது, அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். அப்படியே வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ரீடிங் என்ற பக்கத்தையும் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு அப்படியே மறந்து போகிறவர்கள் நிறைய. எனக்குத் தெரிந்த பூக்கடைக்காரர் ஒருவரின் தளம் எட்டு மாதம் அந்த டிக்கோடு கிடந்தது.

இரண்டு, பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை. யார் எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் அவர்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பது இதில்தான் தெரியும். நான் இவ்வளவு எழுதுவதே இந்த அறிக்கைக்காகத்தான்.

என் மனைவியின் கதையைச் சொல்கிறேன். சேலைக்கு ரவிக்கை தைக்கிறவள். தளத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் டெய்லரிங் சர்வீஸ் என்று எழுதி வைத்திருந்தேன். கூகுள் விளம்பரக் கணக்கோடு வரும் கீவேர்ட் பிளானரில் எங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காதவர்களுக்கு அது சரியான எண்ணும் காட்டாது, 10இலிருந்து 100 வரை என்று அகலமாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். சின்ன ஊர், அதுவும் தமிழும் மலாயும் கலந்த தேடல் என்றால் வெளிக் கருவிகள் பெரும்பாலும் பூஜ்யம் என்றே காட்டுகின்றன. பூஜ்யம் என்று நம்பி விட்டுவிடத்தான் இருந்தேன். கன்சோல் சேர்த்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஊப்பா ஜாஹிட் என்று மலாயில் தேடியவர்களுக்கு எங்கள் பக்கம் ஐம்பதாவது இடத்துக்கு அப்பால் எங்கேயோ காட்டப்பட்டிருக்கிறது. தையல் கூலி என்று அர்த்தம். தமிழ்ப் பெண்கள்கூட ரவிக்கை தைக்க அப்படித்தான் தேடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தின் தலைப்பில் அந்தச் சொல்லை வைத்து, கூலி விவரத்தையும் மலாயில் எழுதினேன். மூன்று மாதத்தில் கோலகங்சாரிலிருந்து ஆட்கள் அழைத்தார்கள்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்தில் முறுக்கு என்று எழுத, நம் நாட்டில் ‘கே’ ஒன்று போடுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. அச்சு முறுக்கை அச்சு முறுக்கு என்று சொல்வது நாம் மட்டும்தான். அம்மாவிடம் தமிழர் அல்லாதவர்கள் வந்து வாங்குகிறார்களா? அவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று இன்றைக்கே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கருவியும் அவருக்குத் தெரிந்த அளவு சொல்லாது.

கிள்ளான் தம்பி சொன்ன பிளக்இன் நல்லதுதான், போடுங்கள். பக்கத்தின் தலைப்பையும் விளக்கத்தையும் எழுத வசதியாக இருக்கும். ஆனால் அந்தப் பச்சை விளக்கு பிளக்இன் செய்தவர்களுடையது, கூகுளுடையது அல்ல. பச்சைக்காக ஒரே சொல்லைப் பத்து தடவை திணித்தால் படிக்கிறவருக்குத்தான் தொல்லை. கீவேர்ட் பெட்டியை நிரப்புவதும் வீண், அது பிளக்இன் தன் சோதனைக்காகக் கேட்பது. முன்பு பக்கத்துக்குள் மறைத்து எழுதிய மெட்டா கீவேர்ட்ஸைக்கூடத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் வருடக்கணக்காக அதை நிரப்பியவன்தான்.

இரண்டாவது கருவி, ஸ்க்ரீமிங் ஃபிராக். லேப்டாப்பில் இறக்கிக்கொள்ள வேண்டும். 500 முகவரி வரை இலவசம், உங்களுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. தளத்தின் முகவரியைக் கொடுத்தால் கூகுள் மாதிரியே ஒவ்வொரு லிங்காகப் பிடித்துக்கொண்டு போய், எந்தப் பக்கத்துக்குத் தலைப்பு இல்லை, எந்த இரண்டு பக்கத்துக்கு ஒரே தலைப்பு, எந்த லிங்க் உடைந்து 404 (பக்கம் இல்லை) காட்டுகிறது என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும். திரையைப் பார்த்தால் முதலில் மலைப்பாக இருக்கும். தலைப்பு, 404 இரண்டை மட்டும் பாருங்கள்.

இப்போதைக்கு இந்த இரண்டும் போதும். கேள்வி வரும்போது அதற்கேற்ற கருவியை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த லிங்க் பட்டியல். காசு கொடுத்து லிங்க் போடுவது கூகுளின் விதிக்கு எதிரானது. 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தைத் தன் தேடல் முறையில் கொண்டுவந்ததே இதற்காகத்தான். கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்று ஓர் இடம் இருக்கும், கூகுள் ஆட்கள் உங்கள் தளத்துக்குத் தண்டனை விதித்திருந்தால் அங்கே தெரியும், பாருங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். அந்த லிங்குகளை நீக்கித் தருகிறேன் என்று இன்னொருவர் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

---

சுங்கை சிப்புட் மகள் | 13 ஜனவரி, இரவு 11.05

அண்ணே, படித்ததும் கண் கலங்கிவிட்டது. யாரும் எனக்கு இப்படிப் பொறுமையாகச் சொன்னதில்லை. தம்பியிடம் கேட்டுக் கன்சோலில் சேர்த்துவிட்டேன். ரீடிங் பெட்டியில் டிக் இல்லை, மேனுவல் ஆக்‌ஷன்ஸிலும் ஒன்றும் இல்லை.

இரண்டு சந்தேகம். பேஜ்ஸ்பீடில் கைப்பேசிக்கு 38 வருகிறது, சிவப்பு. அதைத் திரும்ப ஓட்டினால் 45. எது சரி? இன்னொன்று, கூகுள் மேப்பில் கடையைப் போடலாம் என்கிறார்கள். எங்களுக்குக் கடை இல்லை, வீடுதான். அம்மாவும் அப்பாவும் பகலில் தனியாக இருப்பார்கள், வீட்டு முகவரியைப் போடப் பயமாக இருக்கிறது.

---

பழைய கிராணி | 14 ஜனவரி, காலை 5.50

பொங்கல் வாழ்த்து முதலில். இன்று காலையே எழுதிவிடுகிறேன், அப்புறம் வீட்டில் ஆள் வந்துவிடும்.

38, 45 இரண்டும் சரிதான். அது ஒவ்வொரு முறையும் ஒரு நடுத்தரக் கைப்பேசியையும் மெதுவான இணைப்பையும் பாவனை செய்து ஓட்டிப் பார்க்கிற சோதனை, கொஞ்சம் ஏறி இறங்கும். பெரிய தளமாக இருந்தால் மேலே உண்மையான ஆட்களின் அனுபவக் கணக்கும் வரும். உங்களுடையது மாதிரி சின்னத் தளத்துக்கு அது பெரும்பாலும் இருக்காது. 100 எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்சிபி என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ திரையில் வர எத்தனை வினாடி ஆகிறது என்று அர்த்தம். 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது கூகுள். உங்களுக்கு எத்தனை என்று பாருங்கள். பெரும்பாலும் படங்கள்தான் காரணமாக இருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி வரும். ஸ்க்வூஷ் என்று ஒரு தளம் இருக்கிறது, கூகுள் குரோம் குழுவினர் செய்தது, இலவசம். படத்தை அதில் போட்டு அகலத்தைக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் நூறு கேபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். முகப்புப் பக்கத்துப் படங்களை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

மேப் விஷயத்தில் பயம் வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர், 2021 வரை கூகுள் மை பிசினஸ். முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் காட்டலாம். பதிவு செய்யும்போது முகவரி கேட்பார்கள், அது வெளியே தெரியாது. உறுதிப்படுத்த வீடியோ கேட்கலாம். அம்மா அச்சை எண்ணெயில் முக்குவதையும், டப்பா லேபிளையும், வீட்டுத் தெருவையும் ஒரே வீடியோவாக எடுங்கள். வெட்டாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பக்கத்தில் யாராவது விற்கிறார்களா என்று தேடுகிறவர்களிடம் வலைத்தளத்தைவிட இது சீக்கிரம் போய்ச் சேரும், சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் முக்கியமாக. வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. எழுதினால் ஒரு பாக்கெட் இலவசம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விதிப்படி அது கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீபாவளிக் கணக்கை மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, இந்த வருடம் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால், இந்த வருடம் விழுந்துவிட்டது போலத் தெரியலாம். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை எடுத்து, அடுத்த தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு வையுங்கள். கன்சோலில் தேதி கொடுத்து ஒப்பிடும் வசதி இருக்கிறது. 16 மாதம்தான் வைத்திருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு தீபாவளி முடிந்ததும் அந்த அறிக்கையை இறக்கி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நான் செய்யாமல் விட்டு ஒரு வருடக் கணக்கை இழந்தேன். இன்றும் வருத்தம்தான்.

---

ஆசிரியை, பாகான் செராய் | 16 ஜனவரி, மாலை 4.30

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு நானும் ஒரு தளத்தைக் கன்சோலில் சேர்த்தேன். மூடப்பட்ட ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 20 வருடத்துக்கு முன் எழுதி வைத்த நினைவுக் கட்டுரைகள் அதில் இருக்கின்றன. எனக்கு அது மிகவும் பெரிய பொக்கிஷம். எல்லாப் பக்கமும் இன்டெக்ஸ் ஆகியிருக்கிறது, ஆனால் தமிழில் எந்தத் தேடலிலும் வரவில்லை. தளத்தின் பெயரைத் தேடினால் மட்டும் வருகிறது. கீழே வருகிற விளக்க வரியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. என்ன காரணமாக இருக்கும்?

---

பழைய கிராணி | 16 ஜனவரி, இரவு 8.15

டீச்சர், அது பழைய எழுத்துரு. 20 வருடத்துக்கு முன் எழுதியவர்கள் பலர் பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டினார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. கூகுள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கிற எழுத்தைத்தான் வாசிக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், குழப்பமான ஆங்கிலமாக மாறினால் சந்தேகமே இல்லை. இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் போதும், அதைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் மாறிவிடும். மாற்றிய பிறகு ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.

படமாக ஸ்கேன் செய்த பக்கங்களும் இருந்தால், கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழ் எழுத்தை வாசித்துக் கொடுக்கும். தப்பு இருக்கும், திருத்த வேண்டும். ஆனாலும் செய்யுங்கள் டீச்சர். தோட்டமே போய்விட்டது, அந்தப் பிள்ளைகள் தங்கள் பள்ளியின் பெயரைத் தமிழில் தட்டினால் அதுவாவது கிடைக்கட்டும். தட்டச்சுக்கு ஆள் வேண்டும் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் தட்டித் தருகிறேன்.

தங்கச்சிக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் விலைப்பட்டியல் போஸ்டர் படமாக இருக்கிறதா, எழுத்தாக இருக்கிறதா?

---

சுங்கை சிப்புட் மகள் | 31 ஜனவரி, இரவு 10.50

நாளைக்குத் தைப்பூசம், காலையில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறோம். போவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்படியே போய்விடக் கூடாது.

விலைப்பட்டியல் போஸ்டர்தான் அண்ணே. கன்வாவில் அழகாகச் செய்தது. அதில் இருந்த ஒரு சொல்கூடப் பக்கத்தில் எழுத்தாக இல்லை. எல்லாவற்றையும் தட்டிப் போட்டேன்: எத்தனை கிராம், எத்தனை வெள்ளி, எத்தனை நாள் தாங்கும், முட்டை சேர்த்ததா இல்லையா என்று.

ஸ்க்ரீமிங் ஃபிராக் ஓட்டியபோது அதிர்ச்சி. எங்கள் தளத்தில் 12 பக்கம் என்று நினைத்திருந்தேன், 57 வந்தது. தம்பி வாங்கிய டெம்பிளேட்டோடு வந்த மாதிரிப் பக்கங்கள் எல்லாம் அப்படியே கிடந்திருக்கின்றன. காப்பிக் கடை மெனு, யாரோ வெள்ளைக்காரர்களின் படத்தோடு எங்கள் குழு என்று ஒரு பக்கம், அர்த்தமில்லாத லத்தீன் வரிகள். மெனுவில் அவை இல்லாததால் எங்கள் கண்ணில் படவே இல்லை. கன்சோலில் பார்த்தால் கூகுள் அவற்றில் 19ஐ இன்டெக்ஸ் செய்திருக்கிறது. எங்கள் நெய் உருண்டைப் பக்கத்தை வாசித்துவிட்டு, இன்டெக்ஸ் செய்யாமல் விட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி செக்ரோலில் ஆள் கூடியும் இருந்தது, குறைந்தும் இருந்தது. தம்பி ஒரே இரவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டான், அவனுக்கு மிகவும் வருத்தம். நெய் உருண்டைப் பக்கத்தில் அம்மா பாசிப்பயற்றை வறுப்பதிலிருந்து உருட்டுவது வரை நானே விரிவாக எழுதிவிட்டு, பக்கத்தின் முகவரியைக் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் சேர்ந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்கச் சொன்னீர்களே, அதுதான் பெரிய விஷயம். அச்சு முறுக்கை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்று கேட்பார்களாம், சிலர் குவே லோயாங் என்பார்களாம். சீன அக்கா ஒருவர் ஆங்கிலத்தில் தேன்கூட்டு பிஸ்கட் என்பாராம். பதினேழு வருடமாக அம்மாவுக்கு இது தெரியும், நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்கள் தளத்தில் இந்த மூன்று பெயரும் எங்கேயும் இல்லை. அச்சு முறுக்குக்குத் தனிப் பக்கம் போட்டு மூன்றையும் இயல்பாக எழுதினேன், படத்தோடு. படம் ஸ்க்வூஷில் குறைத்தது, 3.6 எம்பியிலிருந்து 90 கேபி. எல்சிபி 7 வினாடியிலிருந்து 2.9க்கு வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் பாக்கி.

இன்று கன்சோலில் பார்த்தது: ஊர்ப் பெயரோடு முறுக்கு என்று, ‘கே’ ஒன்று போட்டு, தேடியவர்களுக்கு ஆறாவது இடம். ‘கே’ இரண்டு போட்டால் பதினொன்று. குவே லோயாங் 41ஆவது இடம், இதுவரை 9 முறை காட்டியிருக்கிறது. சின்ன எண்கள்தான், ஆனால் இவை எங்களுடைய எண்கள் என்று தெரிவதால் அந்த 47 மார்க்கைப் பார்த்தபோது வந்த கலக்கம் இப்போது இல்லை.

பிசினஸ் புரொஃபைலும் உறுதியாகிவிட்டது, வீட்டு முகவரி மறைத்துத்தான். போன செவ்வாய்க்கிழமை அதன் வழியாக கோலகங்சாரிலிருந்து ஒரு சீனப் பெண் அழைத்தார். சீனப் பெருநாளுக்கு அச்சு முறுக்கு ஆறு டின் வேண்டுமாம், பிப்ரவரி 15க்குள். அம்மா இதுவரை தீபாவளி தவிர வேறு நாளில் ஆறு டின் மொத்தமாகச் செய்ததில்லை. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கும் இதையே கேட்பார்கள் என்று இப்போது சொல்கிறார். ஒற்றை அச்சை வைத்துக்கொண்டு முடியாது என்று அப்பா ஈப்போ லிட்டில் இந்தியாவில் இன்னொரு பித்தளை அச்சு பார்த்து வைத்திருக்கிறார். நாளை கோயில் முடிந்து வரும்போது வாங்கி வருவதாக இருக்கிறோம்.